இரண்டு உலோகம், ஒரு காசு: சிங்கப்பூரில் இருந்துகொண்டு சேர்ப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியில் இருக்கும் காசுத் தட்டுகளைப் பார்த்துவிட்டு அநேகமாக ஒரே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அலுவலகத்திலும் அதே கதை. வெளிநாடு போகிற எல்லாரிடமும் "சில்லறை மிஞ்சினா போட்டுடாதீங்க, எனக்குக் கொண்டாங்க" என்று சொல்லி வைத்திருப்பதால் கேள்விகளும் கூடிக்கொண்டே போகின்றன. சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உலகத்துக் காசு எல்லாவற்றையும் நான் சேர்ப்பதில்லை. வளையம் ஒரு நிறம், நடு ஒரு நிறம் என்று வரும் இருஉலோகக் காசு மட்டும்தான்.

இருஉலோகக் காசு என்றால் என்ன?

சட்டைப்பையில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர் காசு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வெளியே பொன்னிற வளையம், உள்ளே வெள்ளி நிறத்தில் மெர்லயன், சிங்கத் தலையும் மீன் உடலுமாக. அதுதான். அதைத் தெரிந்துகொள்ள அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை, காப்பிக்கடையில் மீதி வாங்கினால் போதும்.

ஒரு காசுக்கு எதற்கு இரண்டு உலோகம்? அழகுக்கா?

அழகு பிறகு வந்தது. முதல் காரணம் கள்ளக்காசு. 1684இல் இங்கிலாந்தில் செம்புக்குப் பதிலாகத் தகரத்தில் ஃபார்த்திங் என்ற கால் பென்னி காசு அடித்தார்கள். தகரம் மலிவு, எவனும் உருக்கி ஊற்றிவிடுவான் என்பதால் ஒவ்வொரு காசின் நடுவிலும் ஒரு சிறு செம்புத் துண்டைச் செருகினார்கள். 1792இல் அமெரிக்காவில் இதே உத்தியை வேறொரு தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு சென்ட் மதிப்புக்கு முழுவதும் செம்பில் அடித்தால் காசு பெரிதாகி கனக்கும். அதனால் சின்ன செம்புக் காசின் நடுவில் துளியூண்டு வெள்ளியை வைத்துப் பார்த்தார்கள். அது மாதிரிக் காசாகவே நின்றுவிட்டது, புழக்கத்துக்கு வரவில்லை.

இன்று நாம் பார்க்கிற வடிவம் இத்தாலியில் பிறந்தது. 1982இல் வந்த 500 லிரா, எஃகு வளையத்துக்குள் அலுமினிய வெண்கல நடு. கண் தெரியாதவர்களுக்காக மதிப்பை பிரெயில் புள்ளிகளிலும் பொறித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பல நாடுகளுக்கு ஒரே பிரச்சினை: விலைவாசி ஏறிவிட்டது, சிறிய மதிப்புத் தாள் சில மாதங்களிலேயே கந்தலாகிறது, அதைக் காசாக மாற்ற வேண்டும். ஆனால் மதிப்பு கூடிய காசு என்றால் கள்ளக்காசுக்காரனுக்கும் லாபம் கூடும். அதோடு விற்பனை இயந்திரம் அதை அடையாளம் காண வேண்டும், கையால் தடவினாலே வேறு காசு என்று தெரியவும் வேண்டும். இரண்டு உலோகம் என்றால் இத்தனைக்கும் ஒரே விடை. இயந்திரம் காசின் மின்கடத்தும் தன்மையை அளந்து பார்க்கிறது. வளையத்துக்கு ஒரு அளவு, நடுவுக்கு ஒரு அளவு என்றால் அதை ஏமாற்றுவது லேசில்லை.

வளையமும் நடுவும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன? பசை போட்டு ஒட்டுகிறார்களா?

பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. ஓட்டை போட்ட வளையத்தையும் நடுவட்டையும் தனித்தனியாகச் செய்கிறார்கள். நடுவட்டின் விளிம்பில் சின்னப் பள்ளமோ வரிகளோ இருக்கும். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து அச்சுக்குள் தள்ளி ஒரே அடி. பல டன் அழுத்தத்தில் உலோகம் மாவுபோல் பக்கவாட்டில் பிதுங்கி அந்தப் பள்ளத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. படம் விழுவதும் பூட்டு விழுவதும் அதே அடியில்தான்.

பூட்டு சரியாக விழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா உதாரணம். 1996 பிப்ரவரியில் பனிக்கரடி போட்ட 2 டாலர் காசை வெளியிட்டார்கள். மக்கள் செல்லமாக 'டூனி' என்று கூப்பிட்டார்கள். முதல் தொகுதியில் சில காசுகளின் நடு கழன்று விழுந்தது. விஷயம் பரவியதும் காசைக் குளிர்பெட்டியில் உறையவைத்துச் சுத்தியலால் தட்டி நடுவைப் பெயர்ப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

நம் ஒரு வெள்ளி எப்போது இப்படி ஆனது?

2013இல், மூன்றாம் வரிசைக் காசுகள் வந்தபோது. அதில் இருஉலோகம் ஒரு வெள்ளி மட்டும். 24.65 மில்லிமீட்டர் குறுக்களவு, 7.62 கிராம் எடை. இரண்டுமே உள்ளே எஃகுதான். வளையத்துக்குப் பித்தளை முலாம், நடுவுக்கு நிக்கல் முலாம். மெர்லயனுக்குப் பக்கத்தில் லேசரில் பொறித்த சின்ன வாண்டா மிஸ் ஜோக்கிம் பூ உண்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அடித்துக்கொடுத்தது கனடாவின் அரசு நாணயச்சாலை.

அதற்கு முந்தைய பொன்னிறக் காசையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1987இல் வந்த அந்த ஒரு வெள்ளிக்குள் எட்டுப்பக்கச் சட்டம் ஒன்று இருக்கும். எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியதில் தீவின் ஃபெங் சுயி, அதாவது சீன வாஸ்து, கெட்டுப்போனதாம், அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு பாகுவா எண்கோணம் இருக்க வேண்டும் என்று ஒரு துறவி சொன்னாராம். இந்தக் கதையைச் சொல்லாத டாக்சி ஓட்டுநர் அந்தக் காலத்தில் கிடையாது. திரு லீ குவான் இயூ அதை மறுத்துவிட்டார். ஆனாலும் புதுக் காசிலும் எண்கோணம் இருப்பதைப் பார்த்தால் கதை சொல்பவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

புழக்கத்தில் வராமல் ஆண்டுத் தொகுப்புகளில் மட்டும் இருஉலோக 5 வெள்ளிக் காசும் வந்திருக்கிறது. பழைய தொகுப்பு யாரிடமாவது பிரிக்காமல் இருந்தால் உள்ளே பாருங்கள். 2023இல் வந்த லீ குவான் இயூ நூற்றாண்டு 10 வெள்ளி இந்தக் கணக்கில் சேராது, அது முழுவதும் அலுமினிய வெண்கலம்.

தமிழ் எழுத்து உள்ள இருஉலோகக் காசு உண்டா?

என் சேகரிப்பின் முதல் தட்டே அதுதான். நம் ஒரு வெள்ளியில் நாட்டின் பெயர் நான்கு மொழியிலும் இருக்கிறது, 'சிங்கப்பூர்' என்று தமிழிலும். அடுத்தது இலங்கை 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வெளியிட்ட 10 ரூபாய். அவ்வளவுதான் என் தட்டில்.

"இந்தியாவில் இல்லையா அங்கிள்?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். இந்தியத் தாளில் தமிழ் உண்டு, இருஉலோகக் காசில் இந்தியும் ஆங்கிலமும்தான். ஆனால் 2011 முதல் 10 ரூபாய்க் காசில் இருக்கும் ரூபாய்ச் சின்னத்தை வரைந்த உதயகுமார் தமிழர். எழுத்து இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. அந்தக் காசையும் முதல் தட்டில் வைக்கச் சொன்னான், வைத்துவிட்டேன்.

எதிலிருந்து தொடங்கலாம்?

அக்கம்பக்கத்திலிருந்து. தாய்லாந்தின் 10 பாட் 1988இல் வந்தது. வாட் அருண் கோபுரம், மேலே பிரெயில் புள்ளிகள். ஹாட்யாய் போய் வந்த யாருடைய பையிலும் கிடைக்கும். பிலிப்பீன்ஸ் 2000இல் 10 பெசோவை இருஉலோகமாக வெளியிட்டது, இப்போது 20 பெசோவும் இருஉலோகம். வேலை இடத்தில் பிலிப்பீனோ நண்பர் இல்லாதவர்கள் இங்கே குறைவு. இந்தோனேசியாவின் செம்பனை மரம் போட்ட 1000 ரூப்பியா 1993 முதல் 2000 வரை அடிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் அதைச் செல்லாததாக்கிவிட்டார்கள், ஆனாலும் பாத்தாம் போய் வந்தவர்களின் மேசை இழுப்பறைகளில் அது இன்னும் தூங்குகிறது. மலேசியாவை நம்பி ஜோகூருக்குப் போகாதீர்கள். அங்கே புழக்கத்தில் இருக்கும் சென் காசுகளில் இருஉலோகம் கிடையாது.

ஹாங்காங் 10 டாலர், மக்காவ் 10 பட்டாக்கா, 2021 நவம்பரில் வந்த ஜப்பானின் புது 500 யென் ஆகியவை அடுத்த சுற்று. அந்த ஜப்பான் காசுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பழைய 500 யென்னும் கொரியாவின் 500 வொன்னும் அளவில் ஒன்று. ஆனால் மதிப்பில் வொன் பத்தில் ஒரு பங்குதான். வொன்னைக் கொஞ்சம் சுரண்டி எடையைக் குறைத்து ஜப்பானிய இயந்திரங்களில் போட்டு யென்னாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 500 யென்னின் உலோகத்தை ஜப்பான் மாற்றிக்கொண்டே வந்ததற்கு அதுதான் தொடக்கம்.

இந்திய 10 ரூபாயில் எத்தனை வகை? எல்லாம் செல்லுமா?

எல்லாம் செல்லும். ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கிவிட்டு 10 ரூபாய்க் காசை நீட்டினேன். "இது வேணாம்ணே, செல்லாது" என்றார் கடைக்காரர். இந்தக் காசுக்கு நம்மூரில் அப்படியொரு கெட்ட பெயர். டிசைன் நிறைய இருப்பதால் எது நிஜம், எது போலி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லி, கடைசியில் எல்லாமே போலி என்றாகிவிட்டது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: அதுவரை வந்த 14 டிசைனும் நல்ல காசுதான், வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

சேகரிப்பவருக்கு இந்தக் குழப்பம்தான் விருந்து. முதல் காசில் 2005 என்று ஆண்டு இருக்கும், கைக்கு வந்தது 2009இல். அலுமினிய வெண்கல வளையம், எஃகு நடு, 27 மில்லிமீட்டர். பிறகு ஹோமி பாபா நூற்றாண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, அம்பேத்கரின் 125ஆவது பிறந்தநாள், காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டு என்று நினைவுக் காசுகள் வரிசையாக வந்தன. அதோடு நிற்கவில்லை, ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே காசை நான்கு தடவை தேட வைக்கும் வித்தை இது. 20 ரூபாயும் இருஉலோகம்தான், 2020இல் புழக்கத்துக்கு வந்தது, பன்னிரண்டு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகளிடம் கேட்டால் பர்ஸின் மூலையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பதிலுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள், கணக்கு நேர்.

யூரோவைச் சேர்க்கத் தொடங்கினால் முடிவே இல்லை என்கிறார்களே?

உண்மை. 1 யூரோ, 2 யூரோ இரண்டும் இருஉலோகம். 1 யூரோவில் பொன்னிற வளையம், 2 யூரோவில் அது தலைகீழ். ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டின் படம். 2004இல் கிரேக்கம் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு நினைவு 2 யூரோ வெளியிட்டது, அன்று திறந்த மடை. இப்போது ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு இரண்டு வெளியிடலாம். என் யோசனை: நாட்டுக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மொனாக்கோ 2007இல் கிரேஸ் கெல்லிக்காக வெளியிட்ட காசு உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். அடித்தது 20,001 மட்டும், விலை ஆயிரக்கணக்கான யூரோவில்.

இன்னொன்று, 2 யூரோவையும் தாய்லாந்தின் 10 பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எட்டரை கிராம், குறுக்களவில் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மதிப்பிலோ பாட் பல மடங்கு குறைவு. ஐரோப்பாவில் விற்பனை இயந்திரக்காரர்கள் தலையில் கைவைத்தது இதனால்தான். துருக்கியின் 1 லிராவும் இதே குடும்பச் சாயல்.

பக்கத்தில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருக்கிறீர்களே, எதற்கு?

காசோடு பேசுவதற்கு! சிரிக்காதீர்கள். நம் ஒரு வெள்ளி முழுவதுமாகக் காந்தத்தில் ஒட்டும், உள்ளே எஃகு என்பதால். இந்திய 10 ரூபாயில் நடு மட்டும் இழுக்கும், வளையம் இழுக்காது. இத்தாலியின் 500 லிராவில் நேர்மாறு, வளையம் இழுக்கும், நடு சும்மா இருக்கும். 2 யூரோவின் நடுவில் மெல்லிய நிக்கல் தகடு ஒன்று ஒளிந்திருக்கிறது, அதனால் லேசாக, தயங்கித் தயங்கி இழுக்கும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தமே போதும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

சிங்கப்பூரில் எங்கே வாங்குவது?

முன்பென்றால் யோசிக்காமல் சுங்கை ரோடு என்றிருப்பேன். தரையில் விரித்த துணி, அதன் மேல் பழைய கைக்கடிகாரம், துருப்பிடித்த சாவி, நடுவில் ஒரு தகரடப்பா நிறைய உலகத்துக் காசு, ஒரு வெள்ளிக்கு நாலு. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. இப்போது பழைய கடைத்தொகுதிகளின் மேல்மாடிகளில் இருக்கும் தபால்தலை, நாணயக் கடைகள்தான். பணமாற்றுக் கடைகளில் கேட்டுப் பயனில்லை, அவர்கள் தாளை மட்டும்தான் வாங்குவார்கள், விற்பார்கள். காசை ஒதுக்கிவிடுவார்கள். பயணிகள் கையில் வெளிநாட்டுச் சில்லறை செல்லாமல் தேங்கிப்போவதற்கும் அதுவே காரணம். நமக்கு நல்லதாகப் போயிற்று.

விலை கொடுத்து வாங்கியது ஒரு தட்டில், யாரோ கொண்டுவந்து கொடுத்தது இன்னொரு தட்டில் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது தட்டுதான் கனம்.

அழுக்காக இருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை, உலோகப் பாலிஷ் எதுவும் வேண்டாம். தேய்த்த காசு பளபளக்கும், ஆனால் அச்சிலிருந்து வந்த மேல்பரப்பு போய்விடும், தெரிந்தவர் எவரும் தொடமாட்டார். ஒட்டும் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்து, காற்றில் உலரவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேறு, அதில் எண்ணெய் கலந்திருக்கும்.

இருஉலோகக் காசுக்குத் தண்ணீர் கூடுதல் விரோதி. வளையமும் நடுவும் சேரும் இடுக்கில் ஈரம் நின்றால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே குட்டி பேட்டரி ஒன்று உருவாகி அரிப்புத் தொடங்கிவிடும். வியர்வைக் கையே போதும், உப்புத் தண்ணீர்தானே.

நம் ஊர்ப் புழுக்கத்தில் எப்படிப் பாதுகாப்பது?

பிவிசி உறைகளைத் தூக்கிப் போடுங்கள். மெத்தென்று வளையும், பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும் உறை அதுதான். சில வருடத்தில் காசின் மேல் பச்சைப் பசை படியும். மைலர் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் சன்னல் வைத்த அட்டை உறையோ வட்டக் கூடோ நல்லது. படக்கருவி வைக்கும் ஈரநீக்கிப் பெட்டி வீட்டில் இருந்தால் அதில் ஒரு தட்டு இடம் கேட்டு வாங்குங்கள். என் வீட்டில் அதற்கு மூன்று மாதம் பேச்சுவார்த்தை நடந்தது.

ஒரு காசு லட்சக்கணக்கில் விலை போகிறதாமே?

வைஷ்ணவ தேவி படம் போட்ட 10 ரூபாய்க்கு லட்சம் தருகிறார்கள் என்று வரும் செய்தியைத்தானே கேட்கிறீர்கள்? தரமாட்டார்கள். உங்களிடமிருந்து முன்பணம், கமிஷன், வரி என்று வாங்கிக்கொள்வார்கள். 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. செம்பனை ரூப்பியாவுக்கும் இதே புரளி உண்டு. கையில் கோடி இருக்கிறது என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்த ஒருவருக்குப் பால் கலந்த தேநீர் ஊற்றிக் கொடுத்துத்தான் உண்மையைச் சொன்னேன்.

நிஜமாகவே அரிதானவை, அடித்த எண்ணிக்கை குறைந்தவை. ரஷ்யா 2010இல் வெளியிட்ட 10 ரூபிள்களில் செச்னியா, யமால்-நேனெத்ஸ் இரண்டும் தலா 1,00,000 மட்டும். பிரிட்டனின் 2 பவுண்டில் 2002 காமன்வெல்த் விளையாட்டுக்கு வந்த வட அயர்லாந்துக் காசு 4,85,500. மெக்சிகோவில் 1992 முதல் சில ஆண்டுகள் வந்த 10, 20, 50 புது பெசோக்களின் நடு நிஜ வெள்ளி. அவற்றில் உலோகத்துக்கே ஒரு விலை உண்டு.

போலியில் ஏமாந்ததுண்டா?

உண்டு. ஒரு கடையில் ஹாங்காங் 10 டாலர் வாங்கினேன், பவ்ஹினியா பூ அழகாகத்தான் இருந்தது. வீட்டில் பார்த்தால் வளையத்துக்கும் நடுவுக்கும் இடையே கோடு சில இடத்தில் கலங்கியிருந்தது. சிராங்கூன் சாலையில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பர் தங்கம் நிறுக்கிற தராசில் வைத்தார். 11 கிராம் இருக்க வேண்டியது 10கூட இல்லை. "மாப்ள, இதுக்குச் செய்கூலி சேதாரம் எவ்வளவு போட்டான்?" என்று கேட்டார். அந்தக் காசில் ஹாங்காங்கில் நிறையப் போலி வந்தது, பிறகு அங்கே 10 டாலர் தாளே திரும்ப வந்தது. காசைத் தூக்கிப் போடவில்லை, போலி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.

மூன்று உலோகக் காசு உண்டா?

அந்தப் பெயரில் சொல்லப்படுவது பிரான்ஸின் 20 பிராங்க், 1992. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், உள்ளே நடு.

தட்டில் ஒரு குழியில் வெறும் வளையம் கிடக்கிறதே, அது என்ன?

1996 கனடா டூனி. வான்கூவரில் படித்துவிட்டு வந்த என் மச்சான் கொடுத்தது. மாணவர் விடுதியில் அவனும் கூட்டாளிகளும் உறையவைத்துச் சுத்தியலால் தட்டியதில் பனிக்கரடி தெறித்து எங்கோ கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம், தேடிக் கிடைக்கவில்லையாம். அதன் பிறகு முழு டூனி எத்தனையோ வந்துவிட்டன. அவை வேறு தட்டில் இருக்கின்றன. இந்தக் குழியில் வளையம்தான்.